கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் படித்த இங்கிலீஷ்

1

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே என் மகள் உமா ஒரு தாளோடு வந்தாள். தாள் நிறைய சொற்கள். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றுக்கும் அர்த்தம் தெரிந்துகொண்டு போக வேண்டுமாம். தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, இதெல்லாம் உனக்குத் தெரியாது இல்லையா மாம் என்று இங்கிலீஷில் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறாள். அவள் பார்த்து வளர்ந்த அம்மா, கடையில் கொத்தமல்லிக்கு இங்கே என்ன பெயர் என்று தெரியாமல் விரலால் காட்டி வாங்குகிறவள். போனில் சொந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லியும் எதிராளிக்குப் புரியவைக்க முடியாதவள்.

தாளைப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எனக்குத் தெரியும். இதைவிட எவ்வளவோ கடினமான, இந்த ஊர்க்காரர்கள் வாயிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டிராத சொற்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மதுரையில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் எழுதினேன்.

அதை அவளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஹாலில் இவர் உட்கார்ந்திருந்தார். சத்தம் குறைத்து வைத்த டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது, அதற்கு முன்னால் இருந்தார், அவ்வளவுதான். பத்திரிகைக் கதையை ஆரம்பித்தால் அதில் இவருடைய அம்மா வருவார். அவர் வருகிற கதை எதையும் தை மாசத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. தாளை மடித்து உமா கையில் கொடுத்தேன்.

இவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரர் கதிரேசனை. அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். தை மாசக் கடைசியில் மதுரையில் என் மாமியார் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து இவர் பேச்சை நிறுத்திவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், வைத்ததைச் சாப்பிடுவார், பனி பெய்தால் வாசலில் குவிந்ததைத் தள்ளுவார். 'ம்', 'சரி', 'இருக்கட்டும்', இந்த மூன்றை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் குடித்தனம் நடத்தினார். ஆபீஸில் பேச வேண்டியதைப் பேசியிருப்பார் போலிருக்கிறது, சம்பளம் ஒழுங்காக வந்தது.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நானும் சுகம் சுகம் என்று எழுதிச் சலித்துவிட்டது. இந்தத் தடவை நடந்ததை எழுதுகிறேன்.

2

எங்களுக்குக் கல்யாணமான எழுபதுகளின் கடைசியில் இவர் ஒரு நூற்பாலையில் இஞ்சினீயர். அமெரிக்காவுக்குப் போய் மேல்படிப்பு படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு மெட்ராஸ் போய் ஒரு பரீட்சை எழுத வேண்டும். கணக்கு இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ்தான் உதைத்தது. இங்கிலீஷ் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள், இங்கிலீஷ் பேப்பரை விளம்பரம் உட்பட வாசிக்கிறவர். ஆனால் அந்தப் பரீட்சை கேட்ட இங்கிலீஷ் வேறு. பேசுவதற்கும் ஆகாது, எழுதுவதற்கும் ஆகாது. பரீட்சைக்கு மட்டும்தான் ஆகும்.

நண்பரின் அண்ணனிடமிருந்து அந்தச் சொற்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று இரவலாக வந்தது. மாசக் கடைசிக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டால் வரிசையாகத்தான் மனப்பாடம் ஆகும், கலைத்துக் கேட்டால் வராது, அதனால் சீட்டு சீட்டாக எழுத வேண்டும், அதற்குக் கெட்டி அட்டை வேண்டும் என்றார் இவர். அட்டை வாங்கக் கடைக்குக் கிளம்பியவரை மாமியார் நிறுத்தினார். அடுப்படிச் சுவரில் ஒரு வளைந்த கம்பி தொங்கும், வீட்டுக்கு வருகிற தபால், ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அதில்தான் குத்தி வைப்பார். அதைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் போட்டார்.

"இம்புட்டு அட்டை சும்மா கெடக்கு. கடையில போயி வேற காசு குடுப்பாகளா?"

அப்போதைய பத்திரிகைகள் பெரும்பாலும் ஒற்றை அட்டைதான். ஒருபக்கம் பிள்ளையார் படமும் அச்சும், நாலு முனையிலும் தடவிய மஞ்சள். மறுபக்கம் வெறுமை. மாமியார் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார், நான் வெற்றுப் பக்கத்தில் சொல்லை எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது பெண் பார்க்க வந்தபோதே என் அப்பா சொல்லிவைத்த விஷயம். எங்கே பயன்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

எழுதி முடித்ததும் சீட்டைப் பிடித்துக் கேட்கிற வேலையை மாமியாரே எடுத்துக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். இங்கிலீஷ் பக்கம் மகன் பார்க்கும்படியும் தமிழ்ப் பக்கம் தன்னைப் பார்க்கும்படியும் சீட்டைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு என்ன?" என்பார். இவர் அர்த்தம் சொல்வார். சரியா தப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சீட்டைப் பார்ப்பதில்லை, மகன் முகத்தைப் பார்ப்பார். பட்டென்று சொன்னால் சீட்டு வலது பக்கம் போகும். மோட்டுவளையைப் பார்த்துவிட்டுச் சொன்னால், சொன்னது சரியாகவே இருந்தாலும், இடது பக்கம்.

"சரியாத்தானம்மா சொன்னேன்" என்பார் இவர்.

"சொன்ன. யோசிச்சுச் சொன்ன. நாளைக்கும் வரும்."

சீட்டுகளை அவர் அடையாளம் வைத்திருந்ததுதான் வேடிக்கை. அவருக்கு அவை இங்கிலீஷ் சொற்கள் இல்லை, கல்யாணங்கள். சோழவந்தான் வெற்றிலைக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயர் இருந்த துண்டு மகனுக்கு நாலு நாளாக வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். "அந்தக் கல்யாணத்துலயும் இப்பிடித்தான், சாம்பாரு கடைசிப் பந்திக்கு வரல" என்பார். கொஞ்ச நாளில் இவருக்கும் அப்படியே ஆகிவிட்டது. 'கேரலஸ்' என்றால் ஓயாமல் பேசுகிறவன் என்ற அர்த்தத்துக்கு முன்னால் செல்லூர்க் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வருகிறது என்பார்.

இதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. மாமியார் முன்னால் புதுப் பெண்டாட்டியும் புருஷனும் உட்கார்ந்து பேசிக்கொள்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. புத்தகத்தைப் பார்த்து எழுதினவள் நான்தான் என்பதால் அர்த்தமெல்லாம் எனக்கும் பாடமாகியிருந்தது. இவர் ஹாலில் சொல்லச் சொல்ல, அடுப்படியிலிருந்து "சரிதான்" என்று குரல் கொடுப்பேன். சில சமயம் வேண்டுமென்றே "தப்பு" என்பேன். இவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே சண்டைக்கு வருவார். படிப்பு விஷயம் என்பதால் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார். எங்கள் குடித்தனம் ஆரம்பமானது அப்படித்தான். ஊரில் எல்லாரும் புதுசாய்க் கல்யாணமானவர்கள் சினிமாவுக்குப் போகவில்லையா என்று கேட்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

3

மாமியாருக்கு ஒரே தம்பி. அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயம். பொங்கலுக்குப் பொங்கல் அக்காவுக்குக் கரும்பும் வாழைத்தாரும் பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்து இறக்குகிறவர். அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வெற்றிலை பாக்குத் தட்டோடு முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். மணப்பெண்ணுக்கு அத்தை முறை செய்ய வேண்டியவர் என் மாமியார். ஆனிக் கடைசியில் முகூர்த்தம். மாமியார் அன்றிலிருந்தே சீர்த் தட்டுக்கு என்னென்ன வாங்குவது என்று எங்களைத் தூங்கவிடவில்லை.

மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர். லீவு குறைந்துபோனதால் முகூர்த்தத்தை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். மறுபடி பத்திரிகை அடித்தார்கள். ஓடி ஓடி நேரில் சொல்ல நேரமில்லாமல் தம்பி அக்காவுக்கும் தபாலில் போட்டுவிட்டார். தபால் ஒழுங்காக வந்து சேர்ந்தது. மாமியார் பிரித்துப் பார்த்தார். அதே பிள்ளையார், அதே மஞ்சள் அட்டை, அதே தம்பி பெயர். "ஏற்கனவே ஒண்ணு குடுத்தான், இது எதுக்கு இன்னொண்ணு, இவனுக்குக் காசு கொழுத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நாலு நாள்தான் இருந்தது. அட்டைக்குப் பறந்துகொண்டிருந்தோம். நான் எழுதினேன், மசி காய்ந்தது, மறுநாள் அந்தச் சீட்டுகளும் கட்டோடு சேர்ந்தன.

பழைய தேதிக்கு மூன்று பேரும் சீர்த் தட்டுகளைச் சுமந்துகொண்டு அலங்காநல்லூர் பஸ்ஸில் போய் இறங்கினோம். மாமியார் அரக்குப் பட்டு கட்டியிருந்தார். தெருவுக்குள் நுழைந்தபோது பந்தல் இல்லை, அதன் கால் நட்ட குழிகள் இருந்தன. வாசலில் கட்டிய வாழைமரங்கள் வாடித் தொங்கின. கூலியாட்கள் இரண்டு பேர் மூங்கில்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த தம்பி எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

நடந்தது இன்னதென்று மாமியார் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. பத்திரிகை வந்ததையும் மறைக்கவில்லை, வெட்டியதையும் மறைக்கவில்லை. மகன் படிப்புக்கு அட்டை வேண்டியிருந்தது, ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன் தம்பி, என்று சொல்லிக்கொண்டே நின்றார். கையில் தட்டு இருந்தது. வாங்க யாரும் வரவில்லை.

"அத்த முறைக்கு ஆளில்லாம எம் பிள்ள மணையில உக்காந்துச்சுக்கா" என்றார் தம்பி. "ஊரே கேட்டுச்சு, ஒங்கக்கா எங்கன்னு. ஒம் மகன் இங்கிலீசுக்கு எங்க வீட்டுப் பத்திரிகைதான் கெடச்சுச்சா?"

அதுதான் அவர் அக்காவிடம் கடைசியாகப் பேசியது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் சீட்டுக் கட்டைப் பிரித்துத் தரையில் கொட்டினார். எல்லாவற்றையும் தமிழ்ப் பக்கமாகத் திருப்பித் தேடினார். புதுத் தேதி போட்ட துண்டு கிடைத்தது. பின்னால் நான் எழுதியிருந்த சொல் 'அலூவியல்', ஆறு கொண்டுவந்து ஒதுக்கிய வண்டல் என்று அர்த்தம். நடந்ததுக்குப் பொருத்தமாக ஏதாவது ஒரு சொல் அங்கே இருந்திருந்தால் கதை கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. வெறும் வண்டல்.

"எங் கையாலதான வெட்டுனேன்" என்றார் மாமியார். இவர் சீட்டுகளைக் கட்டித் தூரப் போட்டுவிட்டு, பரீட்சையே வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். மறுநாள் மில்லிலிருந்து வந்தபோது மாமியார் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். மேலே இருந்தது அந்தத் துண்டுதான். தூக்கிப் பிடித்து, "இதுக்கு என்ன?" என்றார். இவர் சொன்னார். பட்டென்றுதான் சொன்னார். மாமியார் வலது பக்கம் வைத்தார்.

அடுத்த பொங்கலுக்குக் கரும்பு வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கு நாங்களே மதுரையில் இல்லை.

4

அந்தச் சொற்கள் இங்கே எதற்கும் உதவவில்லை. இதை நான் புகாராகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். படிக்கும்போதே இவர் பேராசிரியரிடம் மழை ஓயாமல் பெய்கிறது என்பதற்கு 'இன்செசன்டாக'ப் பெய்கிறது என்று சொல்லி, அந்த மனுஷர் ஜன்னலைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்துவிட்டு, ஆமாம் நனைகிறது என்றாராம். கடையில் பணம் வாங்குகிற பெண், பேப்பரா பிளாஸ்டிக்கா என்று கேட்டபோது எந்தப் பையில் சாமானைப் போட என்று கேட்கிறாள் என்பது எனக்கு விளங்க ஒரு வாரமானது. சளி பிடித்த குழந்தைக்கு என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டால், நெஞ்சில் கரகர என்கிறது என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் கிடையாது. ஆனால் அரசர்களைக் கொல்வதற்கு ஒரு சொல், சகோதரனைக் கொல்வதற்கு ஒரு சொல், அப்பன் சாவுக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு ஒரு சொல், எல்லாம் தெரியும்.

உமாவுக்கு நேர்மாறு. அவளுக்குத் தேவையானதெல்லாம் தேவையான அளவில் இருக்கிறது. தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் இங்கிலீஷில் வரும். அவளுக்கும் மாமியாருக்கும் நடந்த டெலிபோன் பேச்சு வருஷத்துக்கு ஒன்றிரண்டு. மதுரையில் பக்கத்து வீட்டு டீச்சர் வீட்டில் போன் வந்த பிறகு மாமியாரை அங்கே வரவழைத்துப் பேசுவோம். சாப்பிட்டியாத்தா என்று அவர் கேட்பார், எஸ் என்று இவள் சொல்வாள், அதற்குள் காசு ஏறிக்கொண்டிருக்கும்.

இவர் அம்மாவிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான், மாமா பேசினாரா? இல்லப்பா, பேசுவான், எங்க போயிரப் போறான் என்பார் அவர். நேரில் வந்து மாமாவிடம் பேசித் தீர்க்கிறேன், இந்தப் பேப்பர் விவகாரம் முடியட்டும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பேப்பர் என்பது நிரந்தரமாக இங்கே தங்குவதற்கான அனுமதி. விண்ணப்பம் போட்டிருந்தோம். முடிவு தெரிவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் செல்லாமல் போய்விடும், திரும்ப உள்ளே வர முடியாது. அவசரமாகப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே தனியாக ஒரு அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்.

தை மாசக் கடைசியில் தந்தி வந்தது. 'மதர் எக்ஸ்பயர்ட்.' அதை எடுத்துக்கொண்டு பனியில் காரை ஓட்டி, பக்கத்துப் பெரிய ஊரில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். தந்தியை வாங்கிப் பார்த்தாள். காலாவதியானது எது, விசாவா, பாஸ்போர்ட்டா என்று கேட்டாள். நம் ஊரில் ஆள் போவதற்கு நாம் எழுதுகிற அந்தச் சொல் இங்கே பாலுக்கும் பேப்பருக்கும்தான்.

இவருக்குத் தெரியாத சொல்லா? சாவைச் சொல்வதற்கு மட்டும் எத்தனை சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவர் வாயைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மதர்" என்றார். மறுபடியும் "மதர்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. பின்னால் நின்றவர் இருமினார். நான்தான் முன்னால் போய் என் கொத்தமல்லி இங்கிலீஷில் செத்துப்போய்விட்டார் என்று சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சான்று, அவர் இவருக்குத் தாய் என்பதற்கு ஒரு சான்று, இரண்டையும் கொண்டுவரச் சொன்னாள்.

சான்றுகள் மதுரையிலிருந்து வந்து, அனுமதிக் கடிதம் கைக்குக் கிடைத்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டிருந்தது. ஒரே மகன் இருந்தும், பங்காளி முறையில் ஒருவர் கொள்ளி வைத்திருந்தார். கடிதம் வருஷக் கடைசி வரை செல்லும் என்று போட்டிருந்தது. பாஸ்போர்ட்டுகள் இருக்கிற இழுப்பறையில் வைத்து மூடினேன். இனி எதற்குப் போவது என்று இவர் கேட்கவில்லை. ஆனால் அதுதான் இவர் முகத்தில் இருந்தது.

பக்கத்து வீட்டு டீச்சர் எழுதியிருந்தார். பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வந்தாக வேண்டும், வராமல் எடுக்க மாட்டார்கள். தம்பி வருவாரா என்று தெருவே காத்திருந்ததாம். வந்தாராம். கோடியைப் போட்டாராம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாராம். இவர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகுதான் 'ம்', 'சரி', 'இருக்கட்டும்'.

5

குறைவாகப் பேசுகிறவனுக்கு இங்கிலீஷில் எத்தனையோ சொற்கள் உண்டு. 'டாசிடர்ன்' எழுதியிருக்கிறேன், 'லக்கோனிக்' எழுதியிருக்கிறேன், 'ரெட்டிசன்ட்' எழுதியிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது ஒவ்வொன்றாக இவருக்குப் பொருத்திப் பார்ப்பேன். எதுவும் பொருந்தாது. அவையெல்லாம் இயல்பிலேயே பேசாதவர்களுக்கானவை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்து நின்றுபோனவனுக்கு அந்தப் புத்தகத்தில் சொல் இல்லை.

எனக்கும் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் போன அன்று அழவில்லை, பிறகும் அழவில்லை. எனக்குச் சொந்த அம்மாவைப் போல இருந்தவர், ஆனாலும் வரவில்லை. காலையில் எழுந்தால் சாதம் வைப்பேன், உமாவைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவேன், துணியை இயந்திரத்தில் போடுவேன். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தேன். இவர் என்னிடம் கோபமாக இருந்தாலாவது பரவாயில்லை என்று ஒருநாள் தோன்றியது. சாம்பாரில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். இவர் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷர் திரும்ப வரமாட்டாரோ என்று. வேலைக்குப் போய்வருகிற, வாடகை கட்டுகிற ஒரு ஆளோடு மிச்சக் காலத்தையும் இந்தப் பனியில் கழிக்க வேண்டியிருக்குமோ என்று. உமா அப்பாவிடம் எதுவும் கேட்பதையே விட்டுவிட்டாள். அவர் பிஸி என்று தோழியிடம் போனில் சொன்னதைக் கேட்டேன்.

ஆடிக் கடைசியில் அலங்காநல்லூரிலிருந்து ஒரு தபால் வந்தது. மஞ்சள் தடவிய உறை. அனுப்புகிறவர் இடத்தில் மாமா பெயர். அவருடைய கடைசி மகளுக்குக் கல்யாணமாக இருக்கும். இவர் உறையைக் கிழித்து, அட்டையின் மேல் முனையை மட்டும் வெளியே இழுத்தார். பிள்ளையார் தெரிந்தது. திரும்ப உள்ளே தள்ளி, ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போனார். நானும் எடுத்துப் பார்க்கவில்லை. நம் ஊர்ப் பத்திரிகை இங்கே வந்து சேர்வது முகூர்த்தம் முடிந்து சம்பந்தி விருந்தும் முடிந்த பிறகுதான். தந்தி, சான்று, அனுமதி என்று எல்லாமே எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. இது மட்டும் என்ன என்றிருந்தேன்.

6

சொல் தாளோடு உமா வந்தது அதற்குப் பிறகு. முதல் வெள்ளிக்கிழமை பரீட்சையில் பாதிக்கு மேல் தப்பு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, உன் அப்பா எப்படிப் படித்தார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். சீட்டு வெட்டியதைச் சொன்னேன், பாட்டி பிடித்துக் கேட்டதைச் சொன்னேன். அலங்காநல்லூரைச் சொல்லவில்லை. அந்த அட்டை எப்படி இருக்கும் என்று கேட்டாள். மஞ்சளாக இருக்கும், கெட்டியாக இருக்கும், பின்பக்கம் ஒன்றும் இருக்காது என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது உமா ஹாலில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் கத்தரிக்கோல். முன்னால் மஞ்சள் துண்டுகள். நாற்காலி போட்டு ஏறி ஃபிரிட்ஜின் மேலிருந்து எடுத்திருக்கிறாள். வெட்டி முடித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் தன் கோணல் எழுத்தில் சொல்லும் எழுதி முடித்துவிட்டாள். பிள்ளையாரின் தும்பிக்கை ஒரு துண்டிலும் வயிறு இன்னொரு துண்டிலும் கிடந்தது.

எனக்கு எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்குள் கராஜ் கதவு திறக்கிற சத்தம். இவர் உள்ளே வந்தார், நின்றார், கம்பளத்தைப் பார்த்தார். உமா என்னைப் பார்த்தாள். தப்பு செய்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்ன தப்பு என்று தெரியவில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு அடி வைத்தேன்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவளுக்கு எதிரே கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டுகளைச் சேர்த்து ஒரு கட்டாக அடுக்கினார். மேலே இருந்ததை எடுத்தார். தமிழ்ப் பக்கம் தன்னைப் பார்க்க, இங்கிலீஷ் பக்கம் அவளைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்கு என்ன?"

உமாவுக்கு அந்தச் சொல் தெரியும். ஆனால் அப்பாவின் குரலைக் கேட்டதில் திகைத்துப்போய்க் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, மெதுவாக அர்த்தத்தைச் சொன்னாள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். என்னை அறியாமல் என் வாயிலிருந்து, "சரிதான்" என்று வந்தது.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை இடது பக்கம் வைத்தார்.

"ரைட்டாத்தான சொன்னேன் டாட்" என்றாள் உமா. தமிழில் சொன்னாள்.

"சொன்ன. யோசிச்சுச் சொன்ன. நாளைக்கும் வரும்."

அது மாமியாரின் குரல். அவர் இழுக்கிற அதே இழுப்பு. தை மாசத்திலிருந்து வராமல் இருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் கட்டு முழுவதையும் முடித்தார்கள். இடது பக்கம்தான் நிறைய சேர்ந்தது.

முடிந்ததும் இவர் எல்லாச் சீட்டுகளையும் தமிழ்ப் பக்கமாகத் திருப்பிக் கம்பளத்தில் பரப்பினார். பிள்ளையாரை ஒன்றுசேர்த்தார். மணமகள் பெயரைச் சேர்த்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேதி போட்ட துண்டைக் காணோம். உமா எழுந்து தேட, அது அவள் பாவாடைக்கு அடியில் இருந்தது. எடுத்து அதன் இடத்தில் வைத்தாள்.

ஆவணிக் கடைசி முகூர்த்தம். இவர் தலையைத் தூக்கி, மதுரைக் கடைக்காரர் அனுப்பிய மாதக் காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாசத்துக்கும் முன்னாலேயே தபாலில் போட்டிருக்கிறார் மாமா. பத்திரிகையின் அடியில், அச்சுக்குக் கீழே, பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. உமாவின் கத்தரிக்கோல் அதன் நடுவே போயிருந்தது. இவர் இரண்டு துண்டுகளையும் நகர்த்திப் பொருத்தினார். தடித்த தடித்த எழுத்தில் மாமா இரண்டே இரண்டு வார்த்தை எழுதியிருந்தார். 'தேதி மாறாது.'

இவர் துண்டுகள் கலைந்துவிடாமல் அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த அனுமதிக் கடிதத்த எங்க வச்ச?" என்றார்.